புளியமரத்துக்கு 92 மார்க்!

ஜனவரி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. தூக்கக் கலக்கத்தோடு காலேஜ் பஸ்ஸிலிருந்து இறங்கினால், பார்க்கிங்குக்குப் பின்னாடி நிற்கிற புளியமரத்தின் மேல் சிவப்பு பெயின்ட்டில் ஒரு பெரிய பெருக்கல் குறி! ஏதாவது டிபார்ட்மென்ட் பசங்க சேட்டையா இருக்கும் என்று நினைத்து விசாரித்தால், மேட்டர் சீரியஸ். பதினெட்டு பஸ்களுக்கும் ஷெட் போடப் போகிறார்களாம். மரம் நடுவில் நிற்கிறதாம். "அதுவும் பொந்து விழுந்த மரம்ப்பா. எப்ப வேணா சாஞ்சுடும். வெட்டிட்டு பத்து கன்னு நட்டுடலாம்னு மேல சொல்லியாச்சு" என்றார் ஆபீஸ் அண்ணன்.

இந்த இடத்தில் 'நான் கொதித்து எழுந்தேன்' என்று எழுத ஆசைதான். ஆனால் நடந்தது அது இல்லை. மூணு வருஷமா தினமும் அந்த மரத்தடியில்தான் பஸ்ஸுக்கு நிற்கிறேன். ரெக்கார்டு நோட் எழுதியது அங்கே, அரியர் விழுந்த அன்னிக்கு உட்கார்ந்தது அங்கே, ஃபர்ஸ்ட் இயரில் சீனியர்கள் "ராத்திரி இதுல வெள்ளைப் புடவை தெரியும்டா" என்று பயம் காட்டியதும் இதே மரத்தை வைத்துத்தான். ஆனா பாஸ்... ஒரு நாள்கூட அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. பெயின்ட் அடித்த பிறகுதான் பார்த்தேன்.

சும்மா சொல்லக் கூடாது. ஆள் சரியான ஆள்!

முதலில் அடிமரம். உருண்டையாகவே இல்லை. நாலைந்து மரங்களை முறுக்கிக் கயிறு திரித்த மாதிரி மடிப்பு மடிப்பாக இறங்கி, தரையைத் தொடும்போது யானைக்கால் மாதிரி விரிகிறது. பட்டை, மே மாத ஏரிக்கரை போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கிறது. மேற்குப் பக்கம் ஆள் நெஞ்சு உயரத்தில் ஓர் இரும்பு வளையம். பாதி வெளியே, பாதி மரத்துக்குள்ளே. "அது மாடு கட்டுன வளையம் தம்பி. காலேஜ் வர்றதுக்கு முன்னாடி இந்த வழியாத்தான் வண்டிப்பாதை. நான் சின்னப் பையனா இருக்கிறப்போ வளையம் முழுசா வெளியில தொங்கும்" என்றார் எங்கள் வாட்ச்மேன் தாத்தா. அவருக்கு எழுபதுக்கு மேல் வயசு. அந்த எழுபது வருஷத்தில் மரம் அரை வளையத்தைத்தான் சாப்பிட்டிருக்கிறது. அவசரமே இல்லாத ஆசாமி!

வடக்குப் பக்கம் ஒரு பெரிய கிளை இருந்த இடத்தில் இப்போது வெறும் முண்டு. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் பக்கமும் காற்று பேயாட்டம் ஆடியது. அன்றைக்கு முறிந்த கிளை அது என்கிறார் தாத்தா. முறிந்த இடத்தைச் சுற்றி, உதடு குவித்த மாதிரி புது மரம் வட்டமாக வளர்ந்து வந்திருக்கிறது. இன்னும் முழுசாக மூடவில்லை. அந்தக் கிளை போனதாலோ என்னவோ, மரத்தின் மொத்த கனமும் தெற்கே. அந்தப் பக்கம் ஒரே ஒரு கிளை, தரைக்கு இணையாக, பஸ் டிரைவர் அண்ணன்கள் சீட்டு ஆடுகிற இடம் வரைக்கும் நீண்டுகொண்டே போகிறது. மெக்கானிக்கல்காரன் கண்ணுக்கு அது என்ன? கான்டிலீவர் பீம்! ஒரு முனையில் மட்டும் பிடித்துக்கொண்டு காற்றில் நீட்டி நிற்கிற உத்தரம். செமஸ்டர் பேப்பரில் பதினாறு மார்க் கணக்கு, தலைக்கு மேலே மூணு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கதான் கவனிக்கலை.

அதைத் தாங்குவதற்கு மரம் என்ன செய்கிறது என்று லைப்ரரியில் தேடினேன். (ஆமாம், லைப்ரரிக்குப் போனேன். நம்புங்கள்.) புளி, வேம்பு, ஆல் மாதிரி அகல இலை மரங்கள், சாய்ந்த கிளையின் மேல்பக்கத்தில் ஸ்பெஷலாக ஒரு வகை மரத்தை வளர்க்கின்றன. கயிறு கட்டி இழுத்துப் பிடிப்பது மாதிரி. பைன் போன்ற ஊசியிலை மரங்கள் நேர் எதிர். அவை கீழ்ப்பக்கத்தில் வளர்த்து, முட்டுக் கொடுத்துத் தாங்குகின்றன. ஒரே பிரச்னைக்கு ரெண்டு ஆன்சர், ரெண்டுமே கரெக்ட்!

சரி, பொந்துக்கு வருவோம். மரத்தின் மேல் இருந்த ஒரே குற்றச்சாட்டு அதுதானே.

கிழக்குப் பக்கம், இடுப்பு உயரத்தில் வாய் திறந்திருக்கிறது. டார்ச் அடித்தால் உள்ளே கறுப்பாக, காய்ந்த தேங்காய் நார் மாதிரி பொடிப்பொடியாக உதிர்கிறது. பார்க்கிற யாருக்கும் 'அய்யய்யோ, உள்ளே ஒண்ணுமே இல்லையே' என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மரத்தின் உயிர் நடுவில் இல்லை! பட்டைக்கு அடியில் ஒரு மெல்லிய படலம்தான் புது மரத்தை வளர்க்கிறது. அதை ஒட்டிய வெளிப்பக்க மரம்தான் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. நடுவில் இருக்கிற வைரம் பாய்ந்த பகுதி, மரம் உயிரோடு இருக்கும்போதே செத்துப்போன பகுதி. தாங்குவதற்கு உதவும், வாழ்வதற்கு அவசியமில்லை.

அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்ற விஞ்ஞானி, ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்து உள்ளே பார்த்தவர். 1970-களில் அவர் சொன்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் தோலில் காயம் பட்டால் அந்த இடத்திலேயே புதுத் தோல் வரும். மரத்துக்கு அப்படி ஆறவே ஆறாது. கெட்டுப்போன பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, 'நீ அங்கேயே இரு' என்று அடைத்துவிட்டு, வெளியே புதுசாக வளர்ந்துகொண்டே போகும். அதாவது, தானே புயலில் பட்ட அடி இன்னும் அப்படியே உள்ளே இருக்கிறது. மாட்டு வளையமும் இருக்கிறது. எதையும் அது விட்டுவிடவில்லை. மேலே மேலே வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. சிவில் படிக்கிற என் ரூம்மேட் சர்வே லேபிலிருந்து டேப்பை 'கடன்' வாங்கி வந்தான். நெஞ்சுயரச் சுற்றளவு 5.34 மீட்டர். பையால் வகுத்தால் விட்டம் 1.70 மீட்டர். பொந்துக்குள் குச்சி விட்டு அளந்ததில், உள்விட்டம் அதிகபட்சம் 90 சென்டிமீட்டர். விட்டத்தில் பாதிக்கு மேல் காலி! ரூம்மேட் முகம் தொங்கிப்போச்சு. "அவங்க சொல்றது கரெக்டுதான் போலடா" என்றான்.

அவசரப்படாதீங்க. வளைக்கிற விசையைத் தாங்கும் வலு விட்டத்தைப் பொறுத்ததல்ல, விட்டத்தின் நாலாவது அடுக்கைப் பொறுத்தது. செகண்ட் இயரில் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துபோன ஃபார்முலா. 0.90-ஐ 1.70-ஆல் வகுத்து, நாலு முறை பெருக்கினால் கிடைப்பது கிட்டத்தட்ட 0.08. அதாவது பொந்தால் குறைந்த வலு எட்டு சதவிகிதம். மீதி 92 அப்படியே இருக்கிறது! சைக்கிள் பிரேமை ஏன் குழாயில் செய்கிறார்கள், மூங்கில் ஏன் புயலுக்கு வளைந்து நிமிர்கிறது... எல்லாம் இதே கதைதான். நடுவில் இருப்பது கனம் மட்டும், வேலை செய்வது ஓரம். எங்கள் ரெண்டு பேருக்கும் எந்த செமஸ்டரிலும் 92 வந்ததில்லை என்பது தனிச் சோகம்.

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்து இயற்பியலாளர் கிளாஸ் மட்டெக், மரங்களின் மெக்கானிக்ஸை வைத்தே வாழ்க்கையை ஓட்டியவர். எந்த இடத்தில் அழுத்தம் அதிகமோ அங்கே மட்டும் மரம் தடிமனாகும் என்பதைப் பார்த்து, அதே வழியில் மெஷின் பாகங்களை வடிவமைக்கும் கம்ப்யூட்டர் முறைகளை உருவாக்கினார். பொந்து மரங்களுக்கு அவர் சொன்ன அளவுகோல்: மிச்சம் இருக்கிற சுவரின் தடிமன், மரத்தின் ஆரத்தில் பத்தில் மூணு பங்காவது இருக்க வேண்டும். எங்கள் மரத்தில் சுவர் 40 சென்டிமீட்டர், ஆரம் 85. கிட்டத்தட்ட பாதி. டிஸ்டிங்ஷன்!

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மார்க் போட்டுவிடக் கூடாது. பொந்தின் வாய் ஒரு பக்கம் திறந்திருப்பதால், முழு வளையத்துக்கான கணக்கு அப்படியே பொருந்தாது. கொஞ்சம் கழிக்க வேண்டும். எவ்வளவு என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் ரூம்மேட்டின் ஊரில் இருக்கும், வனத்துறையில் ரேஞ்சராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரைக் கெஞ்சிக் கூப்பிட்டு வந்தோம். மனுஷன் டேப்பைத் தொடவே இல்லை. மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டிக் காது கொடுத்தார். இலையைப் பார்த்தார். வேர் மண்ணுக்குள் இறங்குகிற இடத்தைக் காலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து, "தம்பி, இது உங்க காலேஜ் கட்டடத்தை விட ஸ்ட்ராங்" என்றார். (சத்தமாகச் சொல்லாதீங்க சார் என்று ரூம்மேட் பதறினான்.)

"வயசு எவ்வளவு சார் இருக்கும்?" என்று கேட்டேன். சிரித்தார். வெட்டிப் பார்த்து வளையம் எண்ணலாம் என்று நாம் படித்ததெல்லாம், குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றுபோகிற நாட்டு மரங்களுக்கு நன்றாகச் சரிப்படும். நம் ஊரில் தேக்கு மாதிரி சிலவற்றைத் தவிர, பல மரங்களில் வருஷ வளையம் தெளிவாக விழுவதில்லை. போதாக்குறைக்கு எங்கள் மரத்தின் இளம் வயசு முழுக்க அந்தப் பொந்துக்குள்தான் இருந்தது. அதுதான் பொடியாக உதிர்ந்துவிட்டதே! சொந்தக் குழந்தைப் பருவத்தைத் தொலைத்துவிட்டும் ஒருத்தர் கம்பீரமாக நிற்கிறார்.

போகும்போது ரேஞ்சர் சார் சொன்னார்: "நடுவுல ஒண்ணும் இல்லாம ஒரு மரம் எப்படி வாழும்னு பார்க்கணுமா? மெட்ராஸ் போய் அடையாறு ஆலமரத்தைப் பாருங்க."

அடுத்த சனிக்கிழமையே கிளம்பிட்டோம். தியசாஃபிகல் சொசைட்டி 1882-ல் அடையாற்றுக் கரையில் வந்து குடியேறியதற்கு ரொம்ப முன்பிருந்தே அங்கே நிற்கிற மரம். வயசு 450 என்கிறார்கள். (எல்லா நேரமும் உள்ளே விடமாட்டார்கள், கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு முறை கேட்டிலிருந்தே திரும்பிய அனுபவம் பேசுகிறது.) நான் எதிர்பார்த்தது ஒரு பெரிய மரம். அங்கே இருந்தது ஒரு தோப்பு! எது அடிமரம், எது விழுது என்றே தெரியவில்லை. ஏனென்றால் அடிமரமே கிடையாது. 1989-ல் அடித்த புயல்காற்றில் தாய்மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. தூக்கி நிமிர்த்திப் பார்த்தார்கள். பிழைக்கவில்லை. ஆனால் அதற்குள் விழுதுகள் எல்லாம் மண்ணைத் தொட்டு, தடித்து, தனித்தனி மரங்களாக ஆகிவிட்டிருந்தன. அம்மா போன பிறகு அந்தக் குடும்பம் இன்னும் சுற்றி நின்றுகொண்டிருக்கிறது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா வந்து சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோதும் அது நின்றது.

கொல்கத்தா பக்கத்தில் ஹவுரா தாவரவியல் பூங்காவிலும் இதே கதைதான். 1864, 1867 புயல்களில் அடிபட்டு, பூஞ்சை பிடித்த தாய்மரத்தை 1925-ல் வெட்டி எடுத்துவிட்டார்கள். நூறு வருஷமாக மரம் நடுவே இல்லாமல் வளர்ந்துகொண்டே போகிறது.

அடையாறில் அந்த விழுதுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது ரூம்மேட் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அவனுக்கு அப்பா இல்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. பீச்சுக்குப் போகலாம் என்ற பிளானை கேன்சல் செய்துவிட்டு, ரிட்டர்ன் பஸ் பிடிக்கும் நேரம் வரைக்கும் அங்கேயே இருந்தோம்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாலு வழிச் சாலை ஆகும் முன்பு இந்த ரோடு முழுக்க ரெண்டு பக்கமும் புளியமரங்கள் கைகோத்து நிற்கும், வெயிலே தெரியாது என்று அப்பா சொல்வார். எங்கள் பக்கத்து ஊரான திண்டிவனத்தின் பெயரே 'திந்திரிணி வனம்' என்பதிலிருந்து வந்ததுதான். திந்திரிணி என்றால் புளி. புளியங்காடு! இத்தனைக்கும் புளி நம் ஊர் மரமே கிடையாது, பூர்வீகம் ஆப்பிரிக்கா. வந்த விருந்தாளி ரசத்துக்குள்ளேயே குடிபுகுந்து, ஊருக்குப் பெயரும் வைத்துவிட்டது. பெங்களூருக்குப் பக்கத்தில் தேவனஹள்ளி அருகே நல்லூர் என்ற இடத்தில் ஐம்பது ஏக்கருக்கும் மேல் கிழட்டுப் புளியமரங்களாகவே ஒரு தோப்பு உண்டு. 2007-ல் இந்தியாவின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது அந்தப் புளியந்தோப்பைத்தான்! மலையை அல்ல, சதுப்பு நிலத்தை அல்ல... நாம் பேய் இருக்கிறது என்று ஓடுகிற மரத்தை.

நீங்களும் அளக்கலாம்!

உங்க காலேஜ்லயும் ஒரு தாத்தா மரம் கட்டாயம் இருக்கும். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றுங்கள், அதுதான் இந்தியாவில் வனத்துறையினர் அளக்கிற உயரம். டேப் இல்லையா, ஃப்ரெண்ட்ஸ் கைகோத்து நின்றால் போதும். எங்கள் மரத்துக்கு மூணே கால் ஃப்ரெண்டு! உயரம் பார்க்க, பாகைமானியில் நூல் கட்டி ஒரு கல்லைத் தொங்கவிட்டு, உச்சி 45 டிகிரியில் தெரியும் வரை பின்னாலேயே நடங்கள். மரத்திலிருந்து நீங்கள் நிற்கும் தூரத்தோடு உங்கள் கண் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம். பின்னாலே நடக்கும்போது பஸ் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியில் பிரின்சிபால் சாரிடம் பன்னிரண்டு பக்க ரிப்போர்ட் கொடுத்தோம். சுற்றளவு, பொந்துக் கணக்கு, ரேஞ்சர் சாரின் கையெழுத்து, ஷெட்டைத் தெற்கே ஆறு மீட்டர் நகர்த்தினால் எத்தனை பஸ் நிற்கும் என்று ரூம்மேட் போட்ட டிராயிங். (பதினேழு. ஒரே ஒரு பஸ்தான் வெயிலில் நிற்கும்.) சார் பொறுமையாகப் படித்தார். "பத்து கன்னு நடுறோம்னுதானேப்பா சொல்றோம். அதுல என்ன தப்பு?" என்றார்.

தப்பே இல்லை சார். நடலாம். ஆனால் நாங்கள் ஒரு சாயங்காலம் முழுக்க அந்தப் பொந்துக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தோம். ஆறு மணிக்கு மேலே, கிளை முறிந்த முண்டில் இருந்த இன்னொரு சின்னப் பொந்திலிருந்து ஒரு புள்ளி ஆந்தை எட்டிப் பார்த்தது. தலையைத் தலையை ஆட்டி எங்களை முறைத்தது. பின்னாடியே அதன் ஜோடி. மைனாவுக்கும் கிளிக்கும் ஆந்தைக்கும் வீடு கட்டத் தெரியாது. கிடைக்கிற பொந்தில்தான் குடும்பம் நடத்தும். பத்து கன்று என்ன, ஆயிரம் கன்று நட்டாலும் அதில் ஒரு பொந்து விழ நம் பேரன் காலம் ஆகிவிடும். அதுவரை அந்த ஜோடி எங்கே சார் போகும்? இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உடைந்தது. ரூம்மேட் காலை மிதித்தான்.

"பார்க்கலாம்" என்றார் பிரின்சிபால். காலேஜ் பாஷையில் 'பார்க்கலாம்' என்றால் 'முடியாது' என்று அர்த்தம். ஆனால் ரெண்டு வாரம் கழித்து வந்து பார்த்தால், ஷெட் மார்க்கிங் தெற்கே நகர்ந்திருக்கிறது! பார்க்கிங்கில் ஒரே விசில். டிரைவர் அண்ணன்கள் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லாத்தான் இருந்திருக்கும்.

மார்ச் முதல் வாரம், புது உத்தரவு. 'மரத்தைப் பாதுகாத்து அழகுபடுத்த' சுற்றிலும் ஒன்றரை அடி பள்ளம் தோண்டி, கான்கிரீட் போட்டு, அடிமரம் வரைக்கும் சிமென்ட் கல் பதிக்கப் போகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான். ரேஞ்சர் சாருக்கு போன் போட்டோம். "அடப்பாவிகளா! பொந்து அதைச் சாகடிக்காது தம்பி, பள்ளம்தான் சாகடிக்கும்" என்றார். மரத்தின் வேர் கிளை மாதிரி ஆழமாக இறங்கும் என்று நாம் படம் வரைகிறோம். உண்மையில் தண்ணீரையும் காற்றையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல் மண்ணில், முதல் ஒரு மீட்டருக்குள்தான் பரவிக் கிடக்கின்றன. நிழல் விழுகிற எல்லையையும் தாண்டிப் போகும். அதை வெட்டிவிட்டு மேலே சிமென்ட்டை மூடினால், மரம் அன்றைக்கே விழாது. இலை மெல்லிசாகும், நுனிக் கிளை காயும். நாலைந்து வருஷம் கழித்து ஒரு காற்றில் சாயும். அப்போது எல்லோரும் சொல்வார்கள், 'பொந்து விழுந்த மரம், அப்பவே சொன்னோம்' என்று. நாங்கள் அன்றைக்கு பாஸ் அவுட் ஆகியிருப்போம், யார் வந்து கணக்கு போடுவது?

திரும்பவும் ரிப்போர்ட். இந்த முறை ரெண்டே பக்கம். மரத்தைச் சுற்றி நிழல் எல்லை வரைக்கும் எதுவும் தோண்டாமல், வெறும் சருகைப் பரப்பி விடுங்கள், செலவே இல்லை என்று எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை. கல் லாரி திங்கட்கிழமை வருகிறதாம்.

நேற்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஸ்போர்ட்ஸ் ரூமிலிருந்து கோடு போடுகிற சுண்ணாம்புப் பொடி மூட்டையைத் தூக்கி வந்தோம். அடிமரத்தில் கயிற்றைக் கட்டி, நிழல் விழும் எல்லை வரை இழுத்துப் பிடித்து, சுற்றி வந்து பெரிய வட்டம் போட்டோம். டிரைவர் அண்ணன்கள் சீட்டுக் கச்சேரியை நிறுத்திவிட்டு கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார்கள். "வட்டத்துக்குள்ள மண்வெட்டி வச்சா நாங்க பஸ்ஸை எடுக்க மாட்டோம்னு சொல்லிடலாமாப்பா?" என்று ஒருத்தர் கேட்டார். சீரியஸாகக் கேட்டாரா, ஜோக்கா என்று தெரியவில்லை.

கேன்டீன் அக்கா மட்டும் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. வட்டத்துக்குள் குனிந்து, உதிர்ந்த புளியம்பழங்களை முந்தானையில் பொறுக்கிக்கொண்டிருந்தார். நாளைக்கு சாம்பாருக்காம்.